பாப்பாத்தி மிதித்த முதுகு

அத்தியாயம் 17

போன வாரம் உத்திராபதியைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். அவரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காக நாலு வரி. முன்னமே தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

உத்திராபதிக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்தாறு வருடமாக கல் ஏற்றும் டம்பர் லாரி ஓட்டுகிறார். குலுங்கிக் குலுங்கி இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு ஒன்று முன்னால் நழுவி, நரம்பைப் பிடித்து நெருக்கிவிட்டது. இடது கால் கட்டைவிரல் மேலே எழ மாட்டேன் என்கிறது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் அரியலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்த மனிதர் அவர். மாத்திரை, பெல்ட், ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் காலே செயலற்றுப் போகலாம் என்று டாக்டர் அறிவரசன் சொல்லிவிட்டார். ரோபோ துணையோடு ஆபரேஷன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு.

அந்த வெள்ளிக்கிழமை இப்போது விடிந்துவிட்டது.

மணி ஆறே முக்கால். மனைவி வளர்மதி கட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். பிளாஸ்க்கைத் திறந்தாள், மூடினாள். மறுபடி போர்வையை இழுத்துவிட்டாள்.

"அந்தப் பிளாஸ்க்க விடு வளரு. எனக்குத்தான் ஒரு சொட்டு குடுக்க மாட்டேங்குறீங்க, அத ஏன் தெறந்து தெறந்து வாசனை காட்டுற?" என்றார் உத்திராபதி.

"பயமா இருக்குங்க."

"எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேத்துதான் நான் பயப்படுறேன்."

மகள் பானுப்ரியா சிரித்துவிட்டாள். அரியலூரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிற பெண். ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் நிரப்பி நிரப்பி, எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் கை தானாகப் பேனாவைத் தேடும். நர்ஸ் சாகிரா படிவம் செருகிய ஒரு அட்டையோடு உள்ளே வந்ததும் பானுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஜன்னலோரம் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். பாப்பாத்தி. உத்திராபதியின் அக்கா, திருமானூர்க்காரி. இந்த வாரக் கதை முழுக்க இவளுடையதுதான்.

பாப்பாத்தி பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்தது. கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? நாற்று நட்டு நிமிர முடியாமல் போனவர்கள், கரும்புக் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவள் வீட்டு வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். பாப்பாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் மூன்று மிதி மிதிப்பாள். பலர் எழுந்து நடந்தே போனார்கள். நாற்பது வருடமாக இது நடக்கிறது. அதற்காக ஒரு வெற்றிலைகூட அவள் வாங்கியதில்லை. பெருமை மட்டும் வாங்கிக்கொண்டாள், அதுவும் கொஞ்சம் அதிகமாகவே.

"கடைசியா ஒரு தடவ எல்லாத்தையும் கேட்டுக்குறேன், சரியா?" என்றாள் சாகிரா. லெப்பைக்குடிக்காட்டுப் பெண். குரலில் அவசரமே இருக்காது. "ராத்திரி பத்து மணிக்கு அப்புறம் ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"இல்லைங்க சிஸ்டர்."

"தண்ணி?"

"குடுத்திருந்தாதானே?" என்றார் உத்திராபதி.

"கட்டுன பல்லு, மோதிரம், அரைஞாண் கயிறு?"

"கயித்த நேத்தே கழட்டியாச்சு."

"கடைசி பதினஞ்சு நாள்ல வேற வைத்தியம் ஏதாச்சும்? நாட்டு மருந்து, எண்ணெய் போட்டுத் தடவுறது, எலும்பு வைத்தியரு, அந்த மாதிரி?"

"எதுவும் இல்லைங்க," என்றாள் பானுப்ரியா. 'இல்லை' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

பாப்பாத்தி வாயைத் திறந்தாள். உத்திராபதி தலையணையில் கிடந்தபடியே அவளைப் பார்த்தார். தலையை லேசாக, இடமும் வலமுமாக ஆட்டினார். பாப்பாத்தி வாயை மூடிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்து வந்தார்கள். புதன்கிழமை சாயந்திரம் வளர்மதியும் பானுப்ரியாவும் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பக்கெட், துண்டு, பாய் வாங்க அரியலூர் போயிருந்தார்கள். வீட்டில் துணைக்கு இருந்தவள் பாப்பாத்தி.

"அக்கா, ஒரே ஒரு தடவ மிதிச்சு வுடேன்," என்றார் உத்திராபதி.

"டாக்டரு குனியவே கூடாதுன்னுட்டாருடா."

"குனிஞ்சாத்தானே கூடாது? நான் படுத்துத்தானே கெடக்கப்போறேன். இதுல சரியாயிட்டா அந்த மெஷின்கிட்ட முதுக குடுக்க வேணாம்ல. நானே மெஷின் ஓட்டுறவன் அக்கா. அது எப்ப மக்கர் பண்ணும்னு அதுக்கே தெரியாது."

பாப்பாத்தி இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாவது தடவை மறுக்கவில்லை. அவள் புருஷன் போன பிறகு மாதம் தவறாமல் திருமானூர் வந்து "சாப்பிட்டியா அக்கா" என்று கேட்கிற ஒரே ஆள் இந்தத் தம்பி. அவன் கேட்டு எப்படி மறுப்பது? அதோடு, உள்ளதைச் சொன்னால், பெரிய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தன் காலை அவன் நம்பியதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

மூன்று மிதி. வலி போகவில்லை. "சரி விடு, வளருகிட்ட சொல்லாத," என்று திரும்பிப் படுத்துவிட்டார் உத்திராபதி. விஷயம் அத்தோடு முடிந்ததாக இருவரும் நினைத்தார்கள்.

ஏழரைக்கு டாக்டர் அறிவரசன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிற டாக்டர். அதனாலேயே வளர்மதிக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

"என்னங்க, தூக்கம் வந்துச்சா?"

"வந்துச்சு சார். ஒரு விஷயம் கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"முழுக்க அந்த மெஷினே பண்ணிடுமா? நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

டாக்டர் சிரித்தார். "உங்க டம்பர் தானா ஓடுமா? நீங்க ஓட்டுனாத்தானே? அதே மாதிரிதான். திங்கக்கிழமை எடுத்த ஸ்கேன வெச்சு, நழுவுன எலும்பப் பிடிச்சு நிறுத்துற ஒவ்வொரு திருகும் எந்த எடத்துல, எந்தச் சாய்வுல, எவ்வளவு ஆழம் போகணும்னு கம்ப்யூட்டர்ல பிளான் போட்டிருக்கேன். ரோபோவோட கை அந்த எடத்துல வந்து அசையாம நிக்கும். அது காட்டுற வழியில துளை போடறது நான். என் கை நடுங்கலாம். அது நடுங்காது."

உத்திராபதிக்கு இது பிடித்தது. வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவரிடம் பேசுகிற பேச்சு.

"சரிங்க சார். ஆனா பிளான் போட்ட அன்னிக்கு இருந்த மாதிரியே ரோடு இன்னிக்கும் இருக்கணுமே? மைன்ஸ்ல காலையில ஒரு ரூட்டு போட்டுக் குடுப்பாங்க. நடுவுல வெடி வெச்சுட்டா அந்த ரூட்ட நம்பி ஒருத்தனும் வண்டிய எறக்க மாட்டான். திரும்ப ஒருத்தரு போயி பாத்துட்டு வந்து சொல்லணும். அப்புறந்தான் வண்டி நகரும்."

"நல்ல கேள்வி. அதுக்காகத்தான் உள்ள போனதும் எக்ஸ்ரே எடுத்து, பிளானோட பொருத்திப் பாப்போம். ஆனா சின்ன வெடிப்பு எல்லாம் அந்த எக்ஸ்ரேல தெரியாது. நீங்கதான் படுத்த படுக்கையா இருந்தீங்களே? ஸ்கேனுக்கு அப்புறம் எங்கயும் விழல, முதுகுல அடி கிடி படல?"

"இல்லைங்க சார்," என்றார் உத்திராபதி. சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.

"அப்ப கவலையே இல்ல." டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

பாப்பாத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவில் வெடி வைத்துவிட்டால் பழைய ரூட்டை நம்பி ஒருவனும் வண்டியை இறக்கமாட்டான். வெடி வைத்தது யார்? அவள்தான். பழைய ரூட்டில் வண்டி இறங்கப்போகிறது. யாருக்கும் தெரியாது.

இப்போது சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம். தம்பி இந்த ஒரு நாளைக்காக மூன்று மாதம் தைரியம் சேர்த்தவன். இன்னொரு நாள் குறித்தால் வரவே மாட்டான். வளர்மதி என்ன சொல்வாள்? ஊரில் என்ன பேசுவார்கள்? கால் முதலில் வந்தவள் தம்பி முதுகை ஒடித்துவிட்டாள் என்பார்கள். பாப்பாத்திக்கு எல்லாமே தெரிந்தது. ஆனாலும் அவள் கால்கள் நடக்கத் தொடங்கிவிட்டன.

"அண்ணி, எங்க போறீங்க?" என்றாள் வளர்மதி.

பதில் சொன்னால் நின்றுவிடுவோம் என்று பாப்பாத்தி நடையை எட்டிப் போட்டாள்.

லிஃப்ட் கதவு மூடப் போகிற நேரத்தில் அவள் கையை நீட்டித் தடுத்தாள். உள்ளே டாக்டரும் சாகிராவும் இருந்தார்கள்.

"டாக்டரு ஐயா, ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லுங்கம்மா."

"நான் மிதிச்சுட்டேங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. சாகிராவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த அட்டையை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கால் முன்னாடி வந்து பொறந்தவங்களா நீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பாப்பாத்தி தலையாட்டினாள். சாகிரா டாக்டருக்கு இரண்டு வரியில் விளக்கினாள்.

டாக்டர் லிஃப்டை விட்டு வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று பாப்பாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை. கேட்கத் தொடங்கினார்.

"என்னைக்கு?"

"பொதங்கெழம சாயந்திரம்."

"எத்தனை தடவ?"

"மூணு."

"எந்த எடத்துல?"

பாப்பாத்தி திரும்பி நின்று தன் இடுப்பிலேயே கை வைத்துக் காட்டினாள்.

"மிதிக்கும்போது ஏதாவது சத்தம் வந்துச்சா? அவரு கத்துனாரா?"

"சத்தம் வரல. மூணாவது மிதியில தம்பி மூச்ச இழுத்தாப்புல. அப்புறம்..." பாப்பாத்தி தன் வலது காலைப் பார்த்தாள். "எத்தனையோ முதுகு மிதிச்சிருக்கேன் ஐயா. பிடிப்பு விட்டா என் உள்ளங்காலுக்குத் தெரியும். இது அப்படி இல்ல. வேற என்னமோ லேசா நகந்த மாதிரி இருந்துச்சு. நான் அத யாருகிட்டயும் சொல்லல. எனக்கே சொல்லிக்கல."

டாக்டர் ஒரு நொடி அவள் காலைப் பார்த்தார். கேலியாக இல்லை. ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி பார்த்தார்.

"சிஸ்டர், எட்டரைக்கு வேணாம். மறுபடி சிடி ஸ்கேன் எடுக்கணும், இப்பவே. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லிடுங்க. அவரை உக்கார வைக்காதீங்க, பலகையோட தூக்குங்க."

மூன்றாவது மாடி அறையில் அடுத்த பத்து நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பம் நடத்துகிறவர்கள் நீங்கள்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?" வளர்மதியின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. "பக்கெட்டு வாங்கிட்டு வர்றதுக்குள்ள அப்படி என்ன அவசரம்? அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? ஆயிட்டிருந்தா?"

"நான் 'இல்லை'ன்னு டிக் பண்ணிட்டேனே அத்தை," என்றாள் பானுப்ரியா. கோபத்தைவிட அவமானம் அதிகம் அவளுக்கு. "கையெழுத்தும் போட்டேனே. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

மிதிக்கச் சொன்னது உத்திராபதிதான் என்று பாப்பாத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி ஏச்சு அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அதை அவள் சொல்லவில்லை.

பலகையோடு தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைக்கும்போது உத்திராபதி அவளைப் பார்த்தார். "காட்டிக் குடுத்துட்டியேக்கா," என்றார். "இன்னிக்கு இல்லேன்னா அப்புறம் நான் வர மாட்டேன், பாத்துக்க."

"வெடி வெச்சப்புறம் பழைய ரூட்டுல வண்டிய எறக்குவியாடா நீ?"

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. வளர்மதி ஒரு பெஞ்சில், பாப்பாத்தி எதிர் பெஞ்சில். நடுவில் பானுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் சேர்ந்ததாக ஆகிவிடும் என்று அவள் உட்காரவே இல்லை.

பத்தே முக்காலுக்கு டாக்டர் மூவரையும் கூப்பிட்டார். மேஜை மேல் பெரிய திரை. அதில் உத்திராபதியின் முதுகெலும்புகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. இரண்டு படங்கள், அருகருகே.

"இது திங்கக்கிழமை. இது இன்னிக்கு." டாக்டர் பேனா முனையால் காட்டினார். "எலும்போட இந்தத் தண்டு வழியாத்தான் திருகு போகணும். இதுல முழுசா இருக்கு. இதுல பாருங்க, முடி மாதிரி ஒரு கோடு."

வளர்மதி குனிந்து பார்த்தாள்.

"வெடிப்புங்களா?"

"வெடிப்புதான். சின்னது. இதே எடத்துல ஒரு திருகு போடறதா இருந்தேன். போட்டிருந்தா எலும்பு பொளந்து திருகு விலகியிருக்கலாம். விலகுனா எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது. ஒட்டினாப்புல இந்தப் பக்கம் நரம்பு இருக்கு."

பாப்பாத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம் மிதியில வந்ததுதானுங்களே ஐயா?"

"ஆமாங்கம்மா, அப்படித்தான் இருக்கணும். இல்லைன்னு உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். நழுவுன எலும்பு மேல மிதிக்கக்கூடாது. பிடிப்புக்கும் நழுவலுக்கும் வெளியில இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. எனக்கே தெரியாது, ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும்." டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா ஒண்ணு. உள்ள எடுக்குற எக்ஸ்ரேல இந்தக் கோடு தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிய வேற வழியே இல்ல. இந்த மாதிரி மறைச்சவங்க நெறைய பேரைப் பாத்திருக்கேன். லிஃப்ட்ட நிறுத்திச் சொன்னவங்க நீங்க ஒருத்தர்தான். ரொம்ப நன்றிம்மா."

டாக்டர் கை கூப்பினார். பாப்பாத்திக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஏச்சை விழுங்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தவள், இந்த நன்றிக்கு உடைந்துபோய் அழுதாள்.

"ஆபரேஷன் பண்ணலாமா டாக்டர்?" என்றாள் பானுப்ரியா. "இல்ல, தள்ளிப்போடணுமா?"

"தள்ளிப்போட்டா வெடிப்பு பெருசாகும். இன்னிக்கே பண்ணலாம். அந்த எடத்த விட்டுட்டு, மேல ஒரு எலும்பு சேத்துப் பிடிக்கணும். புது ஸ்கேன வெச்சுப் புதுசா பிளான் போடறேன். அதுக்கு ஒரு மணி நேரம் வேணும். ரோபோவுல பழசை அழிச்சுட்டுப் புதுசை ஏத்தணும். அவரு சம்மதிக்கணும், அவ்வளவுதான்."

உத்திராபதியிடம் டாக்டரே போய் எல்லாவற்றையும் சொன்னார். படத்தைக் காட்டினார். உத்திராபதி தலையைத் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"புது ரூட்டு போட்டாச்சுங்களா சார்?"

"போட்டுட்டு வந்துதான் உங்களை உள்ள எடுப்பேன்."

"அப்ப சரிங்க. எறங்கலாம்." பிறகு மெல்லக் கேட்டார். "ஒரு வாய் டீத்தண்ணி?"

"முடியாதுங்க."

பன்னிரண்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டர் கதவு திறந்த நேரத்தில் பாப்பாத்தி எட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறை மாட்டிய ஒரு வெள்ளைக் கை, மேஜைக்குப் பக்கத்தில் மடங்கி நின்றது. அவள் மனதில் இருந்ததோ பெரிய ராட்சசன். இது பார்க்க இவ்வளவு அடக்கமாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். யாரும் கவனிக்காதபோது அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். சாகிரா கவனித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

காத்திருந்த நான்கு மணி நேரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பானுப்ரியா மூன்று சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கி வந்தாள். மூன்றும் பிரிக்கப்படாமலே இருந்தன. மூன்று மணிக்கு வளர்மதி எழுந்து வந்து எதிர் பெஞ்சில், பாப்பாத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாப்பாத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். பானுப்ரியாவுக்கு அப்போதுதான் கால் வலி தெரிந்தது. அவளும் போய் அதே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தாள்.

நாலே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். முகமூடியை இறக்கும்போதே சிரிப்பு தெரிந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதுங்க. நரம்ப நெருக்கிட்டிருந்தத எடுத்தாச்சு. ஆறு திருகு. ஆறும் பிளான் போட்ட எடத்துலயே உக்காந்திருக்கு."

வளர்மதி டாக்டரின் காலில் விழப்போனாள். அவர் நகர்ந்துகொண்டு, "அதெல்லாம் வேணாங்கம்மா. நன்றிய உங்க அண்ணிக்குச் சொல்லுங்க," என்றார்.

ஐந்தரைக்கு உள்ளே விட்டார்கள். உத்திராபதி கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். டாக்டர் போர்வையைக் காலிலிருந்து விலக்கினார்.

"உத்திராபதி, இடது கால் கட்டைவிரல மேல தூக்குங்க பாப்போம்."

எல்லாரும் அந்த விரலையே பார்த்தார்கள். அது அசையவில்லை. வளர்மதி பானுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரமே இல்ல. இன்னொரு தடவ."

விரல் நடுங்கியது. பிறகு மேலே வந்தது. ஒரு நெல்மணி உயரம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் சாகிரா. சொன்ன பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். வளர்மதி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"முழு பலம் வர மாசக்கணக்கா ஆகும். பயிற்சி எல்லாம் ஒழுங்கா செய்யணும்," என்றார் டாக்டர். "ஆனா முதல் நாளே இவ்வளவு தூக்குனது நல்ல அறிகுறி."

உத்திராபதியின் பார்வை கட்டிலைச் சுற்றித் தேடியது. கதவோரம் நின்ற அக்காவிடம் வந்து நின்றது.

"வளரு, அக்காவ ஏசினியா?"

"ஏசுனேன்."

"நாந்தான் மிதிக்கச் சொன்னேன். அது வேணாம் வேணாம்னுதான் சொல்லுச்சு. நான் இன்னிக்குக் காலையில டாக்டருகிட்டயே பொய் சொன்னவன். அது மட்டும் சொல்லலேன்னா இந்நேரம் நான் எந்தக் கால தூக்கியிருப்பேன்?"

வளர்மதி திரும்பினாள். "நீங்க ஏன் அண்ணி காலையிலயே இத சொல்லல?"

"சொன்னா அவன ஏசியிருப்ப. ஆபரேஷனுக்குப் போறவன."

வளர்மதி நேராகப் போய் பாப்பாத்தியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "காலையில பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. எம் புருஷன எனக்குத் திருப்பிக் குடுத்தது நீங்கதான். இத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன். வாங்க, கிட்ட வந்து பாருங்க."

பாப்பாத்தி தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். திருமழபாடி சிவனுக்கும், இந்த டாக்டருக்கும், உள்ளே மடங்கி நிற்கும் அந்த வெள்ளைக் கைக்கும் மனதுக்குள் வரிசையாக நன்றி சொன்னாள். இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

ஆறரை மணிக்கு வராந்தாவில் வந்து பொட்டலத்தைப் பிரித்தாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். போன் அடித்தது. திருமானூரிலிருந்து பொன்னம்மாள், அடுத்த வீட்டுக்காரி.

"அக்கா, தம்பிக்கு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு பொன்னம்மா. வெரல தூக்கிட்டான்."

"சாமி புண்ணியம். நீங்க எப்ப ஊருக்கு வரீங்க? எங்க தமிழழகன் இருக்கான்ல, போன வாரம் கரும்பு லோடு ஏத்தி இடுப்பு பிடிச்சு உங்ககிட்ட வந்தானே. அன்னிக்கு நல்லாத்தான் எந்திரிச்சுப் போனான். ரெண்டு நாளா திரும்ப வலி. நீங்க வந்து இன்னொரு மிதி மிதிச்சு வுட்டா போதுங்குறான். உங்க வூட்டு வாசல்லயே வந்து படுத்துட்டான், பாருங்களேன்."

பாப்பாத்தியின் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது.

"பொன்னம்மா, அவன் கால்ல மரமரப்பு ஏதும் இருக்கா?"

"காலையிலேருந்து ஒரு கால் மரத்துப்போன மாதிரி இருக்குன்னான். ஏங்க்கா?"

"அவன் கால் கட்டைவிரல மேல தூக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"தூக்கச் சொல்லு பொன்னம்மா."

அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. பொன்னம்மாள் மகனிடம் ஏதோ சொன்னாள். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"தூக்குறேங்குறான். ஆனா வரல அக்கா."

பாப்பாத்தி எழுந்துவிட்டாள். "நல்லா கேட்டுக்க. அவன அப்படியே படுக்க வை. யாரும் கை வைக்காதீங்க, கால் வைக்காதீங்க. நானே வந்தாலும் என்னைக் கிட்ட விடாத. ஆம்புலன்சுக்கு போன் போடு. பெரம்பலூருக்குக் கூட்டிட்டு வா. நான் இங்க ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கிறேன்."

போனை வைத்தாள். எச்சில் கையோடு வராந்தாவில் ஓடினாள். எதிரே சாகிரா, வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"சிஸ்டரு, டாக்டரு கெளம்பிட்டாரா?"

"கீழ கார் எடுக்கப் போயிட்டாரும்மா. என்னாச்சு?"

"நிறுத்துங்கம்மா அவர. நான் மிதிச்சது என் தம்பிய மட்டும் இல்ல."